டெல்பர்ட் க்ரூஸ் பாதியில் விட்ட ஆட்டம்

ஆல்டன் க்ரீக், நெப்ராஸ்கா
பிப்ரவரி 19, 1978

அன்புள்ள இர்மா அக்காவுக்கு,

டெல் எழுதுவது. நானும் லவானும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டுலூத்தில் ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கும். படியில் உப்புப் போடாமல் இறங்காதே. போன வருஷம் விழுந்தது போதும்.

இங்கே மைதானம் முழுக்கப் பனி. பையன்களை ஜிம்னேசியத்துக்குள் வைத்துத்தான் பழக்குகிறேன். கூடைப்பந்து கோச்சுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "க்ரூஸ், உன் பசங்க என் தரையெல்லாம் சேறாக்குறானுங்க" என்று நேற்றும் சத்தம் போட்டார். "உன் பசங்க ஒரு மேட்ச் ஜெயிக்கட்டும், நானே மண்டி போட்டுத் துடைச்சு விடுறேன்" என்றேன். இந்தக் கல்லூரியில் பேஸ்பால் சொல்லிக்கொடுக்க வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. பிப்ரவரி வந்தால் இந்தச் சண்டையும் வந்துவிடும்.

இந்த வருஷம் எனக்கு ஒரு பையன் கிடைத்திருக்கிறான், அக்கா. ரஸ்ஸல் வோண்ட்ராசெக். இடது கையால் பந்து வீசுகிறான். அப்பா எமில், ஊருக்கு மேற்கே கோதுமையும் சோளமும் போடுகிற, செக் நாட்டு வம்சாவளி விவசாயி. ஒரே பிள்ளை. "வீசும்போது பயமா இருக்காடா?" என்று கேட்டேன். "எங்க வீட்டு மாட்டுக்கிட்ட பால் கறந்து பாருங்க கோச், அப்புறம் எதுக்கும் பயம் வராது" என்கிறான். பெரிய அணிகளுக்கு ஆள் தேடுகிற ஒருவர் போன வாரம் ஜிம்னேசியத்துக்கே வந்து அவன் வீசுவதைப் பார்த்துவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் என்னிடம் படித்த ஒருவன்கூட அந்த உயரத்துக்குப் போனதில்லை. இவன் போவான்.

மர மட்டை அடிக்கடி உடைகிறது என்று கல்லூரியில் அலுமினிய மட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அடித்தால் சமையலறையில் கரண்டி விழுந்த மாதிரி சத்தம். பந்து மட்டும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போகிறது.

லவான் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உன் தம்பி,
டெல்

&nbsp;

டுலூத், மின்னசோட்டா
மார்ச் 12, 1978

அன்புள்ள டெல்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பனிக்காலத்தில் என்னோடு பேசுவதில்லை. கோடை வந்தால் சமாதானம் ஆகிவிடும். பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றுகொண்டே இருப்பதால் வருவது, வேறொன்றும் இல்லை.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் உன் பெண்டாட்டிக்கு இரண்டு வரி, அந்தப் பையனுக்கு ஒரு பத்தி, கூடைப்பந்துக்காரருக்கு ஒரு பத்தி. லவான் எப்படித்தான் உன்னோடு குப்பை கொட்டுகிறாளோ. என் வீட்டுக்காரர் கார்ல் உயிரோடு இருந்தபோது சொல்வார், "உன் தம்பி வீட்டுக்கு மச்சானா வரலை, இன்னிங்ஸ் இடைவேளையில வந்துட்டுப் போறான்" என்று.

ஆனாலும் நீ இவ்வளவு சந்தோஷமாக எழுதி ரொம்ப நாளாயிற்று. அந்தப் பையன் நன்றாக வரட்டும். அவன் பெயர் பேப்பரில் வந்தால் வெட்டி அனுப்பு. பேஸ்பால் எனக்குப் புரியாது என்றாலும் பெயரைப் படிக்கத் தெரியும்.

வயிற்றுப் புண்ணுக்குப் பால் குடிக்கிறாயா, காபியே குடிக்கிறாயா?

அன்புடன்,
இர்மா

&nbsp;

ஆல்டன் க்ரீக்
ஏப்ரல் 30, 1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே மழை. இரண்டு ஆட்டங்கள் தள்ளிப்போய்விட்டன. மைதானத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரச் சனிக்கிழமை ஆட்டத்தில் ஒரு பையனுக்கு அடிபட்டுவிட்டது. ஒமாஹா ஆஸ்பத்திரியில் இருக்கிறான். டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம்.

டெல்

&nbsp;

டுலூத்
மே 21, 1978

அன்புள்ள டெல்,

நான் சுகம். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யாருக்கு அடிபட்டது? எங்கே அடிபட்டது? அந்த இடதுகைப் பையனா?

இரண்டு தடவை போன் பண்ணினேன். லவான் எடுத்து, "அவர் வீட்டில் இல்லை" என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போகிறாய்? நீ சர்ச்சுக்குப் போகிறவன் இல்லையே.

ஒரு வரியாவது எழுது. மைதானத்து வாய்க்காலைப் பற்றி வேண்டாம்.

இர்மா

&nbsp;

ஆல்டன் க்ரீக்
ஜூன் 18, 1978

அன்புள்ள இர்மா அக்காவுக்கு,

லவான் எழுதுகிறேன். நீங்கள் டெல்லுக்கு எழுதிய கடிதம் மேஜைமேல் பிரித்தபடியே கிடக்கிறது. அவர் பதில் எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறார். அதனால் நான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியாது.

அடிபட்டது ரஸ்ஸலுக்குத்தான்.

அன்றைக்கு நான் வழக்கம்போல் மைதான வாசலில் காபி விற்றுக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிகிற நேரம். கூட்டம் குறைந்ததால் நானும் உள்ளே வந்து, நம் பையன்கள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் நின்றேன். ரஸ்ஸல் பந்து வீசுகிற மேட்டிலிருந்து இறங்கி டெல்லிடம் வந்தான். "கோச், கை கனக்குது. பந்து நான் சொல்ற இடத்துக்குப் போகல" என்றான். டெல் அவன் தோளில் தட்டினார். "இன்னும் ஒரே ஒருத்தன்தான்டா. அவனை முடிச்சுட்டு வா. உன்னைப் பாக்க வந்த மனுஷன் எழுந்து போகாம உக்காந்திருக்காரு பாரு." ரஸ்ஸல் திரும்பி அந்த ஆளைப் பார்த்தான். சிரித்தான். "சரி, ஒருத்தன்தானே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஒருத்தன் அடித்த பந்து நேராகத் திரும்பி வந்தது. ரஸ்ஸல் வீசி முடித்து நிமிரக்கூட இல்லை. நெற்றிப் பொட்டில் பட்டது. பட்ட பந்து உயரே எழும்பி, ஓடிவந்த நம் பையன் ஒருவன் கையிலேயே விழுந்தது. அதோடு அவர்கள் ஆட்டம் முடிந்தது என்று கணக்கு. அதனால்தான் ஜெயித்தோம்.

உயிர் இருக்கிறது. கண்ணைத் திறக்கிறான். ஆனால் பேச்சில்லை. அம்மாவை அடையாளம் தெரியவில்லை. ஊட்டினால் விழுங்குகிறான். இனி இப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றுகிறார்கள். டெல் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார். உள்ளே போகிறாரா, வெளியிலேயே உட்கார்ந்துவிட்டு வருகிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "ரோட்டுல லாரி அதிகம்" என்கிறார்.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை அக்கா. கல்லூரித் தலைவர் வந்து, இது யாருக்கும் நடக்கக்கூடியது என்று சொல்லிவிட்டுப் போனார். குறை சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லவான்

&nbsp;

ஆல்டன் க்ரீக்
ஜூலை 23, 1978

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதங்களுக்கு நேரத்தில் பதில் எழுதவில்லை. மன்னித்துக்கொள். உன் முழங்கால் கோடையோடு சமாதானம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

விடுமுறையில் சும்மா இருக்க முடியவில்லை. இங்கே ஒரு விவசாயிக்குக் கோதுமை அறுப்புக்கு ஆள் போதவில்லை. அங்கே போய் வேலை செய்கிறேன். நல்ல விளைச்சல். சின்ன வயதில் அப்பாவோடு அறுத்தது. கை மறந்துவிட்டிருக்கும் என்று பார்த்தேன், மறக்கவில்லை. தோல்தான் உரிந்துவிட்டது.

அந்த விவசாயி அதிகம் பேசமாட்டார். காலையில் எந்த வண்டி, எந்த வயல் என்று கையைக் காட்டுவார். மத்தியானம் அவர் வீட்டு அம்மாள் சாப்பாட்டுத் தட்டை வெளி வராந்தாவில், துணி போட்டு மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். பன்றி இறைச்சி, உருளைக்கிழங்கு, சில நாள் பழம் வைத்துச் சுட்ட கோலாச்சி ரொட்டியும் இருக்கும். நான் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் குழாயடியில் கழுவி அங்கேயே வைத்துவிடுவேன்.

வெயிலில் வேலை செய்வது வயிற்றுக்கு நல்லது என்று தோன்றுகிறது.

டெல்

&nbsp;

டுலூத்
ஆகஸ்ட் 13, 1978

அன்புள்ள டெல்,

நான் சுகம். நீ சுகம் இல்லை. அதனால் அதைக் கேட்கவில்லை.

அந்த விவசாயிக்குப் பெயர் இல்லையா? சாப்பாட்டை வெளியில் வைக்கிற அம்மாளுக்கும் பெயர் இல்லையா? எனக்குத் தெரியும் டெல். நீ எழுதாததை லவான் எழுதிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. இந்த உலகத்தில் உன்மேல் கோபப்படாமல் உனக்காகக் கவலைப்பட அவளும் நானும்தான் இருக்கிறோம்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை. உனக்கு இதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் சொல்கிறேன். கை கனக்கிறது என்று சொன்ன பையன்கள் எத்தனை பேரை நீ இப்படித் தட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பாய்? எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

அறுப்பு முடிந்ததும் இங்கே வா. ஏரிக்கரையில் காற்று நன்றாக இருக்கிறது. மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. லவானையும் கூட்டிக்கொண்டு வா.

இர்மா

&nbsp;

ஆல்டன் க்ரீக்
நவம்பர் 26, 1978

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன். நன்றி சொல்லும் பண்டிகைக்கு லவானின் தங்கை வீட்டிலிருந்து எல்லாரும் வந்துபோனார்கள். வான்கோழி மிச்சம் இன்னும் இருக்கிறது. அங்கே ஏரி உறைய ஆரம்பித்துவிட்டதா?

பெயர் கேட்டாயே. எமில், பெர்னடீன். இனி மறைக்க ஒன்றும் இல்லை. அங்கே போவதும் முடிந்துவிட்டது.

கோதுமை முடிந்து சோளத்துக்கும் போனேன். கல்லூரி திறந்த பிறகு காலையில் பொழுது விடியுமுன் போய், வகுப்புக்கு வந்துவிடுவேன். சனிக்கிழமை முழுநாளும் அங்கேதான். ஒருநாள் எமில் களத்தில் டிராக்டரை நிறுத்தினார். இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். ஆறு மாதத்தில் அவர் என்னோடு பேசியது அன்றைக்குத்தான்.

"க்ரூஸ், கோதுமைக்கு வந்தீங்க, சோளத்துக்கு வந்தீங்க. வேலை நல்லாத்தான் செய்றீங்க. ஆனா நாளையிலேருந்து வராதீங்க."

"ஏன் எமில்? நான் ஏதாவது தப்பா..."

"காலையில உங்க வண்டி வாசல்ல திரும்புற சத்தம் கேட்டா பெர்னடீன் ஜன்னலை விட்டு எழுந்து போயிடுறா. எங்க ரஸ்ஸல் ஓட்டுற டிராக்டர்ல நீங்க உக்காந்திருக்கீங்க. நான் அதைத் தெனமும் பாக்குறேன். வேலை செஞ்சு களைச்சுப்போயி நீங்களாவது ராத்திரி தூங்குவீங்க. எங்களுக்கு அதுவும் இல்ல."

"நானும் தூங்குறதில்ல எமில்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. ரொம்பக் களைத்துப்போன முகம். "அப்படின்னா நீங்க வர்றதால யாருக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்க?" என்றார். "அவனைப் பாக்கவும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறிக்கொண்டார்.

போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறேன். லவானுக்கு அது சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

டுலூத்துக்கு வரச் சொன்னாய். பிப்ரவரியில் பயிற்சி ஆரம்பித்துவிடும். அதனால் முடியாது.

டெல்

&nbsp;

ஆல்டன் க்ரீக்
ஏப்ரல் 24, 1979

அன்புள்ள இர்மா அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நேற்றும் இன்றும் போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். டெல் அங்கே வந்திருக்கிறாரா?

இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்தே அவர் சரியில்லை. எதிராளி ஒரு பந்தை ஓங்கி அடித்துவிட்டால் போதும். ஓடிப்போய், வீசுகிற பையனை வெளியே கூப்பிட்டுவிடுவார். அடுத்தவன் வருவான். அவனையும் கூப்பிட்டுவிடுவார். தோற்றுக்கொண்டே இருந்தோம். பையன்கள் முதலில் சும்மா இருந்தார்கள். பிறகு முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கல்லூரித் தலைவர் என்னிடம் வந்து, மைதானத்துக்கு அவர் பெயர் வைத்து, விருந்து கொடுத்து, கௌரவமாக அனுப்பிவைக்கலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். டெல்லிடம் சொன்னேன். "ரஸ்ஸல் பேர் வைக்கச் சொல்லு" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

சனிக்கிழமை மார்லின் என்ற பையன் வீசினான். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு அடி அவன் பக்கமாகப் போனது. அவனுக்கு எட்டக்கூட இல்லை. டெல் மேட்டுக்குப் போய்ப் பந்தைக் கேட்டுக் கையை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை.

"கோச், நான் ரஸ்ஸல் இல்ல" என்றான்.

மைதானமே கேட்டது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், எனக்கே கேட்டது. டெல் நீட்டிய கையை மடக்கவில்லை. பிறகு, "தெரியும்டா. நீ வீசு" என்று சொல்லி அவன் தொப்பியில் ஒரு தட்டுத் தட்டினார். பையன்கள் இருக்கும் இடத்துக்குத் திரும்பி வரவில்லை. நேராக நடந்து என் பக்கம் வந்தார்.

"எங்க போறீங்க? ஆட்டம் முடியலையே."

"எனக்கு முடிஞ்சுது லவான்."

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். பையன்கள் அவர்களாகவே ஆடி முடித்தார்கள். ஜெயித்தும்விட்டார்கள். கோச்சிடம் சொல்ல வேண்டும் என்று கூட்டமாக வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அந்த மார்லின் அழுதுகொண்டிருந்தான். நான் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

வந்தாரென்றால் உடனே தெரிவியுங்கள்.

லவான்

&nbsp;

டுலூத்
மே 6, 1979

அன்புள்ள லவான்,

உனக்குப் போன் செய்தபோது அவன் பக்கத்திலேயே நின்றதால் வந்துவிட்டான் என்பதற்கு மேல் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? தூங்குகிறாயா?

குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனபோதுதான் அவன் காரைப் பார்த்தேன். தெருவோரம் நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. கண்ணாடியைத் தட்டினேன். "உள்ள வாடா" என்றேன். "வந்தா என்ன கேப்பே?" என்றான். "சாப்டியான்னு கேப்பேன்" என்றேன். வந்தான்.

பக்கத்தில் மீனைப் புகை போட்டு விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே விறகு பிளக்கப் போகிறான். முன்னே என்ன வேலை பார்த்தீர்கள் என்று கடைக்காரர் கேட்டதற்கு, "விவசாயக் கூலி" என்று சொல்லியிருக்கிறான். இரவெல்லாம் மாடியில் நடக்கிற சத்தம் கேட்கிறது. அந்தப் பையனைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. நானும் கேட்பதில்லை.

நீயும் வந்துவிடேன். இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

இர்மா

&nbsp;

ஆல்டன் க்ரீக்
அக்டோபர் 28, 1979

அன்புள்ள இர்மா அக்காவுக்கு,

நலமா? உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். டெல் எப்படி இருக்கிறார்? மாதம் ஒரு அட்டை வருகிறது. ஏரியில் எந்தக் கப்பல் வந்தது என்று எழுதுகிறார். வா என்று எழுதுவதில்லை. கூப்பிடாமல் வர எனக்கும் மனம் ஒப்பவில்லை. கோபம் இல்லை, அக்கா. அவர் எங்கே என்னைப் பார்த்தாலும் அந்த வாசலையும் அந்த மைதானத்தையும்தானே பார்ப்பார் என்று தோன்றுகிறது.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை உங்களிடமே விடுகிறேன். ரஸ்ஸல் போய்விட்டான். நுரையீரலில் நீர் கட்டிக் காய்ச்சல் வந்தது, தாங்கவில்லை. புதன்கிழமை அடக்கம் செய்தார்கள். பழைய பையன்கள் பல ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். மார்லின்தான் பெட்டியைத் தூக்கியவர்களில் முதலாவதாக நின்றான்.

நான் போகலாமா என்று தயங்கித்தான் போனேன். பெர்னடீன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எமில் எனக்குப் பின்னால் யாரையோ தேடினார். "க்ரூஸ் வரலையா?" என்று கேட்டார்.

"அவர் இப்ப இங்க இல்லை. மின்னசோட்டாவில இருக்கார். அவருக்குத் தெரியாது" என்றேன்.

தலையாட்டினார். தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் நகரப் போனபோது, "சோளம் இன்னும் வயல்லயேதான் நிக்குது" என்றார். "என்னால ஒருத்தனா முடியல. அவரு வந்தா நல்லா இருக்கும்னு சொன்னேன்னு சொல்லுங்க."

அவ்வளவுதான் சொன்னார். இதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்கும் தெரியும்.

லவான்

&nbsp;

டுலூத்
நவம்பர் 11, 1979

அன்புள்ள லவான்,

தைலம் வந்தது. தேய்க்கிறேன். உன் கடிதம் வந்து பல நாளாகிறது. தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன்.

டெல்லிடம் சொல்லவில்லை.

தினமும் சொல்லலாம் என்றுதான் மாடிப்படி வரை போகிறேன். எமில் கூப்பிட்டதை அவன் கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நாளும் உயிரை வைத்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அதைச் சொன்னால், எதற்காக இப்போது கூப்பிடுகிறார் என்றும் சொல்ல வேண்டும். இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. நாள் போகப்போக அங்கே சோளத்தை யாராவது அறுத்துவிடுவார்கள். அப்புறம் பாதிதான் மிஞ்சும், அந்தக் கெட்ட பாதி. அதுவும் எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் வாய் வரவில்லை.

இப்போதுதான் கொஞ்சம் சாப்பிடுகிறான். போன வாரம் வீட்டுக்கு வந்த மீன் கடைக்காரர் ஏதோ சொன்னதற்குச் சிரித்தான். நான் அடுக்களையில் நின்று அதைக் கேட்டேன்.

நேற்றுச் சாப்பிடும்போது, "லவான்கிட்டேருந்து கடுதாசி வந்துச்சா?" என்று அவனே கேட்டான்.

"வந்துச்சு. உன் வயிறு எப்படி இருக்குன்னு கேட்டிருக்கா" என்றேன்.

"நல்லா இருக்குன்னு எழுது" என்றான். ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவினான். தடவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் பேசினான். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம், எமிலுக்குக் கோபம் தணிந்திருக்குமாம்.

"பனி உருகினதும் ஒரு நடை போயி ரஸ்ஸலைப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன் அக்கா. உள்ள விடலைன்னாலும் பரவாயில்ல, ஜன்னல் வழியா பாத்துட்டு வந்துடுறேன். இந்நேரம் கொஞ்சம் தேறியிருப்பான், இல்ல?"

"போயிட்டு வா" என்றேன்.

இர்மா